குற்றாலத்தில் கழிந்த கோலாலம்பூர் நாட்கள்

கல்லூரியில் நாங்கள் மூன்று பேர். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, ஊர்ப்பெயர்தான். ஒருவன் ஆலங்குளம், ஒருவன் திருவேங்கடம், நான் தென்காசி. நான்கு வருடம் ஒரே பெஞ்ச். அவர்கள் இருவரும் ஹாஸ்டலில் ஒரே அறை. நான் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். ஆனாலும் ரெக்கார்டு நோட்டு எழுதும் நாட்களில் அந்த அறையில் மூன்றாவதாகக் கிடந்த கட்டில் எனக்குத்தான்.

கடைசி செமஸ்டர் பரீட்சை முடிகிற சமயத்தில் ஆலங்குளம்தான் பேச்சை எடுத்தான்.

"ஊட்டி, கொடைக்கானல்னு எவனும் போவாம்லே. நாம மலேசியா போவோம். இப்ப விசா கிடையாது. டிக்கெட் எடுத்தா ஏறிரலாம்."

எங்களில் அவன்தான் தைரியசாலி. இங்கிலீஷ் தடுமாறாமல் வரும். பிரின்சிபால் அறைக்குள் போய்ப் பேச வேண்டும் என்றால் வகுப்பே அவனைத்தான் தள்ளிவிடும். நான் எப்போதும் அவனுக்குப் பின்னால் நிற்கிறவன். எழுதவே கசக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அந்த நான்கு வருடமும் நான் என் அப்பாவை நம்பியதை விட அவனை அதிகம் நம்பினேன்.

அப்பாவுக்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிறவர். பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று அதைக் கடைக்கே எடுத்துப்போய் முதலாளியிடம் காட்டிவிட்டு வந்தார். எங்கள் தெருவில் துபாய்க்கும் சவுதிக்கும் போகிறவர்கள் நிறைய உண்டு. அவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒருவன் வெளிநாடு போவது எங்கள் வீட்டிலிருந்துதான் முதல்முறை. அம்மை தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பால் வாங்குகிற இடத்தில், கோவிலில் எல்லாம் அதைச் சொன்னாள். மூன்று இரவு, நான்கு பகல். அதற்கு அவள் கட்டித் தந்த முறுக்கும் அதிரசமும் ஒரு மாதத்துக்குக் காணும்.

திருவனந்தபுரத்திலிருந்து காலை விமானம். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஆலங்குளம்தான் பார்த்துக்கொண்டான். ஹோட்டல் அறை மூன்று பேருக்குமாக அவன் பெயரில் போட்டிருந்தது. அந்தத் தாள் அவன் போனில் இருந்தது. எனக்கும் அனுப்பு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. விமானத்தில் அவர்கள் இருவருக்கும் அடுத்தடுத்த சீட், எனக்கு ஆறு வரிசை தள்ளிப் பின்னால். ஜன்னல் வழியாக மேகத்தை மட்டும் எழுபது எண்பது படம் எடுத்தேன்.

இறங்கிக் குடியேற்ற வரிசைக்கு வந்ததும் ஆலங்குளம் சொன்னான்: "மூணு பேரும் ஒண்ணா நிக்க வேண்டாம். கும்பலா போனா சந்தேகப்படுவாம். தனித்தனி வரிசைல போவோம்."

அவன் சொன்னால் சரி. போய் நின்றேன். அவர்கள் இருவருக்கும் சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. அதிகாரி எத்தனை நாள் என்றார், சொன்னேன். எங்கே தங்குகிறாய் என்றார். ஹோட்டல் பெயர் மறந்துவிட்டது. 'ஃபிரண்ட்' என்றேன். எந்த ஃபிரண்ட், அவர் இங்கே குடியிருப்பவரா என்று கேட்டார். 'ஃபிரண்ட் நோ' என்றேன். அவனுக்குத்தான் தெரியும் என்று சொல்ல வந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான். பயணத்தில் எங்கே எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு இரட்டைக் கோபுரம் என்றேன். அடுத்து? எனக்குத் தெரியவில்லை. அதிகாரி என் பாஸ்போர்ட்டை மூடி, ஓரமாக இருந்த நாற்காலிகளைக் காட்டினார்.

அங்கே உட்கார்ந்து கையை ஆட்டினேன். ஆலங்குளம் பார்த்தான். நிச்சயமாகப் பார்த்தான். திருவேங்கடத்திடம் ஏதோ சொன்னான்.

சிறிது நேரத்தில் சீருடை போட்ட ஒரு பெண் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். "தமிழா தம்பி? பயப்படாதீங்க. யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற இருவரையும் காட்டினேன். "அவங்ககிட்ட ஹோட்டல் பேப்பர் இருக்குக்கா. ஒரே காலேஜ். ஒரே கிளாஸ்." அவர் அவர்களை நோக்கி நடந்தார். அவர்கள் பேசுவதைப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆலங்குளம் ஒரு முறை தலையை ஆட்டினான். பிறகு இருவரும் எஸ்கலேட்டரில் இறங்கிப் போனார்கள்.

அந்த அக்கா திரும்பி வந்து என் முன்னால் நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, அவங்க ரெண்டு பேரும் உங்கள தெரியாதுங்கிறாங்க. பிளேன்லதான் பாத்தோம், பழக்கம் இல்லேங்கிறாங்க. நெசமாவே உங்க கூட்டாளிங்கதானா?"

எங்கள் ஊரிலும் உள்ள சொல்தான், ஆனால் அந்தப் பதற்றத்தில் எனக்கு உடனே பிடிபடவில்லை. அங்கேயும் நண்பனைக் கூட்டாளி என்பார்கள் என்று பிறகு புரிந்தது. போனைத் திறந்து படங்களைக் காட்டினேன். நான்கு வருடப் படம். கல்ச்சுரல்ஸில் மூவரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டது, திருவேங்கடத்தின் அக்கா கல்யாணத்தில் நான் சாம்பார் வாளியோடு நின்றது, ஐந்தருவியில் தலை நனைந்து ஆலங்குளத்தின் முதுகில் நான் ஏறிக்கிடந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அவங்கதான். எனக்குத் தெரியுது தம்பி. ஆனா அவங்க வெளிய போயிட்டாங்களே. உங்க பேர்ல ஒரு தாளும் இல்ல. நான் என்ன செய்ய முடியும்?"

அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கித் தந்தார். அந்த ஊரில் நான் தின்றது அது ஒன்றுதான். மறுநாள் திரும்பும் விமானம் வரை ஒரு அறையில் வைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. உள்ளூர் சிம் வெளியே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலங்குளம் சொல்லியிருந்ததால் என் போன் வெறும் கடிகாரமாக இருந்தது. தேங்காய்ப்பால் வாசனை அடிக்கிற சோற்றைத் தின்றுகொண்டே, அவர்கள் பதறிப்போய் வேறு வழியாக எனக்கு ஏதாவது முயற்சி செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் போன் வேலை செய்தது. ஆலங்குளத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது.

"லே தென்காசி, என்னலே இப்படி ஆயிட்டு. ஒண்ணும் நெனைக்காத. வீட்ல மட்டும் சொல்லிராத, கேட்டியா? ஒங்க அப்பா எங்க அப்பாவுக்கு போன் போடுவாரு, பெரிய வம்பாயிரும். நாங்க வார வரைக்கும் எங்கனயாவது இரு. சேந்து வீட்டுக்குப் போயிருவோம்."

பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. திருவேங்கடம் யாரிடமோ சிரித்துப் பேசுவதும் கேட்டது.

அவன் சொன்னதைக் கேட்க எனக்கு என்ன வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவனுக்காக மட்டும் கேட்கவில்லை. அம்மை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். அப்பாவின் முதலாளி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்திருந்தார். ஒரே நாளில் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. செங்கோட்டையில் இறங்கிக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்கும் அதற்கும் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

மே மாதம். சாரல் வர இன்னும் நாள் இருந்தது. மெயின் அருவியில் பாறை வெறுமனே கிடந்தது. நடுவில் மட்டும் ஈரமாக ஒரு கறுப்புக் கோடு. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இல்லை, பழக்கடைகள் பாதி தார்ப்பாய் போட்டு மூடியிருந்தன. ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். மேனேஜர் அண்ணாச்சி என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தென்காசிக்காரனுக்குக் குத்தாலத்துல என்னத்துக்குவே ரூமு? அதும் சீசன் இல்லாத நேரத்துல?"

"பரீட்சைக்குப் படிக்கணும் அண்ணாச்சி. வீட்ல சத்தம்."

அவர் நம்பவில்லை. என் பையில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தார். சாவியைத் தந்தார். ஆனால் மணிக்கு ஒரு தடவை வந்து கதவைத் தட்டினார். டீ வேணுமா, தண்ணி வருதா, ஃபேன் ஓடுதா என்று ஏதாவது ஒரு சாக்கு. மூன்றாவது தடவை உள்ளேயே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதிய. லவ்வு கிவ்வுன்னு ஏதும் இருக்கா? நீங்க பாட்டுக்கு ஏதாச்சும் பண்ணிட்டிய்யன்னா நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையணும்."

"அப்படில்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"அப்ப கதவ சாத்தாண்டாம். தொறந்தே போட்டுக்கிடும்."

இரண்டு நாளும் கதவைத் திறந்தே போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். போனில் அவர்கள் போடும் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்கலாம், ஆனால் பார்த்தேன். கோபுரத்துக்கு முன்னால் இருவரும். முருகன் சிலைக்கு முன்னால் இருவரும், பத்துமலைப் படிக்கட்டில் குரங்கு திருவேங்கடத்தின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவது. ஹோட்டல் அறையில் மூன்று கட்டில். மூன்றாவது கட்டிலில் வாங்கிய சாமான்களைப் பரப்பிப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அம்மை போன் செய்தாள். வீடியோவில் வரச் சொன்னாள். நெட் சரியில்லை என்றேன்.

"அங்க இப்ப மணி என்னலே?"

ரெண்டரை மணி நேரம் கூட்டிச் சொன்னேன்.

"வெயிலா மழையா?"

"மழைம்மா. நல்ல மழ."

"கூட்டாளியள்லாம் எங்க?"

விமான நிலையத்தில் அந்த அக்கா கேட்ட அதே சொல். பக்கத்தில் நிற்கிறார்கள் என்றேன். அந்த நேரம் பார்த்துக் கீழே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்தினார்: "தென்காசி, தென்காசி, தென்காசீ!" நான் போனைக் கையால் பொத்தினேன். எடுத்தபோது அம்மை பக்கம் சத்தமே இல்லை.

"சாப்ட்டியாலே?" என்றாள் கடைசியில்.

"சாப்ட்டேம்மா."

"சரி, பத்திரமா வா."

அவளுக்குக் கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாது. அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று, நான் எங்கே இருக்கிறேன் என்று மெசேஜில் கேட்டுவிட்டு, வாடகைக் காரில் நேரே குற்றாலத்துக்கு வந்தார்கள். லாட்ஜ் வாசலில் வைத்து ஆலங்குளம் என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் மேல் புது சென்ட் வாசனை.

"நீ தெரியாதுன்னு சொன்னியாமே" என்றேன்.

"வேற என்ன செய்யச் சொல்லுத? அந்தம்மா திடீர்னு வந்து கேட்டா. பயத்துல வாய்ல வந்துட்டுலே. மூணு பேரும் மாட்டிருந்தா நல்லாருந்திருக்குமா? சொல்லு."

திருவேங்கடம் கொஞ்சம் தள்ளி நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் நின்றதை நான் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். ஆலங்குளம் ஒரு சாக்லேட் டப்பாவும் அம்மைக்கு ஒரு கைப்பையும் அப்பாவுக்கு ஒரு டீஷர்ட்டும் எடுத்துத் தந்தான். எல்லாம் யோசித்துத்தான் வாங்கியிருந்தான். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்து, கோபுரப் படத்தில் தங்கள் இருவருக்கும் நடுவில் என்னைச் சேர்த்தான். என் முகம், என் சட்டை, அந்த ஊர் வெளிச்சம். என் கை அவன் தோளில் கிடந்தது. எவன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

"பாத்தியா? நீயும் வந்துட்ட" என்றான்.

நான் சிரித்தேன். சாக்லேட்டையும் பையையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய், பார்க்காத ஊரைப் பற்றி அப்பாவிடம் அரைமணி நேரம் பேசினேன். அவர்கள் ஸ்டேட்டஸில் பார்த்ததையெல்லாம் நான் பார்த்ததாகச் சொன்னேன். அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அந்த மூன்று நாளில் அவர்கள் எனக்குச் செய்ததை விட, அந்த அரைமணி நேரத்தில் நான் அப்பாவுக்குச் செய்தது குறைவா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆலங்குளத்தோடு எனக்குப் பேச்சு தானாகத் தேய்ந்தது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். நான் தென்காசியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். திருவேங்கடத்தை மட்டும் நான் விடவில்லை. அவன் பாவம், வாயில்லாதவன், பக்கத்தில் மாட்டிக்கொண்டவன் என்று என் கணக்கு. அவன் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன ஆவணியில் ஆலங்குளத்துக்குக் கல்யாணம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். திருவேங்கடம்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனான். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் ஊற்றிவிட்டுப் போனதும் அவன் இலையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான்.

"ஒண்ணு சொல்லணும்லே. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. மலேசியால அவன் பயத்துல சொல்லல. ஃபிளைட்லயே பேசிட்டான். 'தென்காசி முழிப்பான், ஏதாச்சும் கேட்டா ஒளறுவான். அவன புடிச்சாம்னா நாம தெரியாதுன்னு சொல்லிருவோம்'னான்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

அவன் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தம்மா வந்து மொதல்ல கேட்டது எங்கிட்டதாம்லே. தெரியாதுன்னு நாந்தான் மொதல்ல சொன்னேன். அவன் தலைய மட்டுந்தான் ஆட்டுனான்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்ட நல்லா பழகுன. எப்படிச் சொல்ல?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அப்பாவின் மூத்திரப் பையை நான் தூக்கிக்கொண்டு நடந்த அந்த நான்கு நாளும் இவனுக்கு இது தெரியும். சொல்லியிருக்கலாம். ஆபரேஷன் முடியட்டும் என்று இருந்தானோ என்னவோ. இலையை மூடிவிட்டு எழுந்து கைகழுவினேன்.

மேடையில் ஏறினேன். மொய்க்கவரைக் கொடுத்தேன். ஆலங்குளம் என் தோளில் கையைப் போட்டுப் பெண்ணிடம், "இவந்தான் தென்காசி. சொன்னேம்லா, மலேசியா போனோம்னு" என்றான்.

அந்தப் பெண் கலகலவென்று சிரித்தது. "ஆமா, அங்க மால்ல நீங்க வழி தெரியாம தொலஞ்சு போயிட்டீங்களாமே! இவங்க மைக்ல அனவுன்ஸ் பண்ணிக் கண்டுபிடிச்சாங்களாமே!"

அவன் முகத்தைப் பார்த்தேன். துளி கூசவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நடந்ததாகிவிட்டிருந்தது.

"நான் அந்த ஊருக்குள்ளயே போகல, மைனி" என்றேன். "ஏர்போர்ட்லயே புடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன யாருன்னே தெரியாதுன்னு இவரும் திருவேங்கடமும் சொல்லிட்டாங்க."

நான்கு வருடமும் அதற்குப் பிறகுமாக நான் அவன் முகத்துக்கு நேராகப் பேசிய ஒரே உண்மை அது. பெண் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தது. ஆலங்குளம் அதைவிடச் சத்தமாகச் சிரித்து என் முதுகில் தட்டினான்.

"இவன் எப்பவும் இப்படித்தான். மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டே காமெடி பண்ணுவான்."

"சார், அப்படியே இருங்க, நல்லாருக்கு" என்றார் போட்டோகிராபர். வெளிச்சம் கண்ணில் அடித்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது, இறங்கிவிட்டேன்.

திருவேங்கடம் மண்டப வாசல் வரை பின்னால் வந்தான். "போன் பண்ணுதேம்லே" என்றான். நான் திரும்பவில்லை. தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் வருடத்திலிருந்து வைத்திருந்த எங்கள் மூவர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினேன். வெளியேறிவிட்டார் என்று அவர்கள் இருவர் போனிலும் ஒரு வரி போயிருக்கும்.

இதுவரை ஏன் என்று இருவரும் கேட்கவில்லை.